பெய்ஜிங்கில் நம்மவர்களைக் குழப்பும் விஷயங்கள்: ஏன் அப்படி, என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான். பெய்ஜிங்கில் ஐந்து நாள் சுற்றிவிட்டு வந்த ஒருவருக்குப் பல விஷயங்கள் பிடிபடவில்லை. முன்பின் தெரியாதவர்கள் கூட நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கொளுத்தும் வெயிலில் ஓட்டலில் வெந்நீர் வைத்தார்கள். அரண்மனை வாசலில் காசை நீட்டியும் டிக்கெட் தரவில்லை. பழக்கடைக்காரர் இரண்டு விரலைக் காட்டிவிட்டு எட்டு யுவான் வாங்கினார். கோயிலுக்குள் எல்லோரும் செருப்போடு நடந்தார்கள். இதெல்லாம் ஏன், அடுத்து போகிறவர் என்ன தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று கேட்கிறார்.

ஆங்கிலப் பயணக் கையேடுகளைப் படித்துவிட்டுப் போனால் பாதி எச்சரிக்கை நமக்குத் தேவையே இல்லாததாக இருக்கும். அவை பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்கப் பயணிகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. குந்தி உட்காரும் கழிப்பறை, வணக்கத்துக்குப் பதிலாக "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பது, அறிமுகமான ஐந்தாவது நிமிடத்தில் சம்பளத்தையும் கல்யாணத்தையும் விசாரிப்பது, ஓட்டலில் "நான்தான் பில் கொடுப்பேன்" என்று மல்லுக்கட்டுவது, வாசற்படியை மிதிக்காமல் தாண்டுவது எல்லாம் அவற்றில் பெரிய அதிசயங்களாக வரும். நமக்கு அது சித்தப்பா வீட்டுக்குப் போன மாதிரி. நம்மவர்கள் தடுமாறும் இடங்கள் வேறு. அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

டிக்கெட்டில் தொடங்கலாம், ஏனென்றால் பயணமே கெடுவது அங்கேதான். அரண்மனை அருங்காட்சியகம், அதாவது பழைய 'தடைசெய்யப்பட்ட நகரம்', வாசலில் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கும் இடம் இல்லை. ஒவ்வொரு டிக்கெட்டும் ஒரு பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டது. ஏழு நாளுக்கு முன்னால், பெய்ஜிங் நேரம் இரவு 8 மணிக்கு, அந்த நாளுக்கான பதிவு இணையத்தில் திறக்கும். நம் கடிகாரத்தில் அது மாலை 5.30. கோடை விடுமுறையிலும் அக்டோபர் முதல் வாரத்திலும் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 60 யுவான், மற்ற மாதங்களில் 40. அரசு விடுமுறை நாட்கள் தவிர மற்ற திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். நுழைவது தெற்கே உள்ள நண்பகல் வாயிலில். வடக்கு வாயில் வெளியேற மட்டும்தான், அங்கே போய் நின்று கெஞ்சிப் பயனில்லை. எதிரே உள்ள தியானன்மென் சதுக்கத்துக்குத் தனி முன்பதிவு உண்டு. அரண்மனை டிக்கெட் கையில் இருப்பதால் சதுக்கத்துக்குள் விட்டுவிட மாட்டார்கள்.

இதில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: இனிஷியல். பதிவுப் படிவம் குடும்பப் பெயர் ஒரு கட்டத்திலும் சொந்தப் பெயர் இன்னொரு கட்டத்திலும் கேட்கும். பலருடைய பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், சிலருக்கு அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். பழக்கதோஷத்தில் 'எஸ். முருகன்' என்று அடித்துவிட்டால் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாது. பாஸ்போர்ட்டின் அடியில் இரண்டு வரி எந்திர எழுத்து இருக்கிறதே, அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். டிக்கெட்டைக் காட்டும் இடத்தில் அசல் பாஸ்போர்ட் வேண்டும். போனில் இருக்கும் படமோ நகலோ எடுபடாது. தானியங்கிக் கதவு பல இடங்களில் சீன அடையாள அட்டையைத்தான் படிக்கும். அது சிவப்பு விளக்கு காட்டினால் பதறாமல் பக்கத்தில் ஆள் நிற்கும் வழிக்குப் போனால் போதும்.

பணத்திலும் இதே கதைதான், எல்லாம் போனில். நோட்டை வாங்க மறுப்பது சட்டப்படி தவறு, ஆனாலும் கடையில் சில்லறை இருக்காது. ஊரிலேயே அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியை இறக்கி, பாஸ்போர்ட் சரிபார்ப்பை முடித்து, விசா அல்லது மாஸ்டர்கார்டு ஒன்றை இணைத்துக்கொண்டு போங்கள். 200 யுவான் வரையான ஒரு செலவுக்குக் கூடுதல் கட்டணம் இல்லை, அதற்கு மேல் 3 சதவீதம். அங்கே போய் இணைக்கலாம் என்று விட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி ரோமிங் இல்லாத சிம்முக்கு வராது. கூகுள் மேப்பையும் நம்ப வேண்டாம். கூகுள் அங்கே முடக்கப்பட்டிருப்பது ஒரு பக்கம். சீன வரைபடங்கள் இடங்களைக் குறிக்க வேறு கணக்குமுறையைப் பயன்படுத்துவதால், எப்படியோ திறந்தாலும் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி நிற்கும். அமேப் என்ற உள்ளூர்ச் செயலி ஆங்கிலத்திலும் கிடைக்கிறது.

இனி ஆட்கள். கூட நின்று படம் எடுக்கக் கேட்பவர்கள் பெரும்பாலும் பெய்ஜிங்வாசிகளே இல்லை. அவர்களும் உங்களைப் போல ஊர் சுற்ற வந்தவர்கள். உள்நாட்டின் சிறு ஊர்களிலிருந்து வருகிறவர்களில் பலர் வெளிநாட்டவரை நேரில் பார்த்ததே குறைவு. புடவை, பொட்டு, மீசை, கருத்த நிறம் எல்லாமே அவர்களுக்குப் புதிது. குழந்தையை உங்கள் கையில் திணித்துவிட்டு இரண்டு விரலைக் காட்டிச் சிரிப்பார்கள். "இந்து" என்று காதில் விழுந்தால் மதத்தைச் சொல்கிறார்கள் என்று எண்ண வேண்டாம், 'யிந்து' என்றால் இந்தியா. அடுத்த சொல் அமீர் கானாக இருக்க வாய்ப்பு அதிகம், அவர் படங்கள் அங்கே பெரிய அளவில் ஓடியவை. நிறத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவார்கள், முறைத்தும் பார்ப்பார்கள். சிவப்பழகு மோகம் அங்கேயும் நம் ஊர் அளவுக்கே உண்டு. வெயிலில் முகம் முழுக்கத் துணி கட்டி, குடை பிடித்து வண்டி ஓட்டும் பெண்களைப் பார்த்தாலே புரியும். படம் வேண்டாமென்றால் சிரித்துக்கொண்டே கையை ஆட்டி 'பூ யாவ்' என்றால் விட்டுவிடுவார்கள்.

ஆனால் இவர்களையும், வாங்ஃபூஜிங் கடைத்தெருவிலோ தியானன்மென் பக்கத்திலோ நல்ல ஆங்கிலத்தில் "நாங்கள் மாணவர்கள், ஆங்கிலம் பேசிப் பழக வேண்டும்" என்று வரும் இரண்டு பேரையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. பேச்சு பத்து நிமிடத்தில் "பக்கத்தில் பாரம்பரியத் தேநீர்ச் சடங்கு இருக்கிறது" என்றோ "எங்கள் கல்லூரி ஓவியக் கண்காட்சி" என்றோ திரும்பும். சின்ன அறை, சின்னக் கிண்ணங்கள், ஆறேழு வகைத் தேநீர். கடைசியில் பில் தலைக்குச் சில நூறிலிருந்து ஆயிரக்கணக்கான யுவான் வரை வரும். விலைப்பட்டியல் இருந்தது, நீங்கள்தான் பார்க்கவில்லை என்பார்கள். கூட வந்த 'மாணவர்' தன் பங்கைக் கட்டுவது போல நடிப்பார். பிரித்தறிய ஒரு வழி உண்டு. படம் கேட்பவர் உங்களை நின்ற இடத்திலேயே நிற்க வைப்பார். ஏமாற்ற வருபவர் உங்களை அங்கிருந்து நகர்த்தப் பார்ப்பார். தப்பித் தவறிப் போய் உட்கார்ந்துவிட்டால் முதல் கிண்ணம் ஊற்றுவதற்கு முன் எழுந்து வந்துவிடுங்கள். காசு கட்ட மிரட்டினால் 110 போலீஸ். அந்த எண்ணை அழுத்துவதைக் காட்டினாலே பில் பாதி குறைவதுண்டு. அரண்மனையின் வடக்கு வாயிலில் நிற்கும் சைக்கிள் ரிக்‌ஷாக்களிலும் கவனம் வேண்டும். ஏறும்போது 3 விரல், இறங்கும்போது 300. போனில் தொகையைத் தட்டி, 'இருவருக்கும் சேர்த்து, யுவானில்' என்று மொழிபெயர்த்துக் காட்டிய பிறகே ஏறுங்கள்.

விரல் என்றதும் அந்தப் பழக்கடை. கடைக்காரர் ஏமாற்றவில்லை. சீனர்கள் ஒரே கையில் பத்து வரை எண்ணுவார்கள். ஐந்து வரை நம்மைப் போலத்தான். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் நீட்டினால் ஆறு. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றின் நுனியையும் குவித்தால் ஏழு, நாம் சோற்றைப் பிசைந்து எடுக்கப் போகிற மாதிரி இருக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டியும் துப்பாக்கி போல விரிந்தால் எட்டு. அதைத்தான் இவர் இரண்டு என்று படித்திருக்கிறார். ஆள்காட்டியைக் கொக்கி போல மடக்கினால் ஒன்பது. மூடிய முட்டி, அல்லது குறுக்காக வைத்த இரண்டு ஆள்காட்டி விரல்கள், பத்து.

சந்தையில் இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. எழுதியிருக்கும் விலை கிலோவுக்கு இல்லை, 'ஜின்'னுக்கு. ஒரு ஜின் 500 கிராம். "என்ன மலிவு!" என்று இரண்டு கிலோ கேட்டால் நாலு மடங்கு போடுவார்கள். தள்ளுபடிப் பலகையில் எண்ணோடு '折' (ஜ) என்ற எழுத்து வந்தால், அந்த எண் கழிக்கும் பங்கு இல்லை, கட்ட வேண்டிய பங்கு. பெரிதாக 8 என்று போட்டிருந்தால் பத்தில் எட்டுப் பங்கு கட்ட வேண்டும், தள்ளுபடி 20 சதவீதம்தான். 3 என்று போட்டிருக்கும் கடைக்கு ஓடுங்கள்.

வெந்நீருக்கு இரண்டு காரணங்கள். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க முடியாது. 1950களின் பொதுச் சுகாதார இயக்கங்கள் தண்ணீரைக் காய்ச்சச் சொல்லிச் சொல்லி அதைத் தேசியப் பழக்கமாக்கின. கூடவே, குளிர்ந்தது வயிற்றுக்கு ஆகாது என்ற சீன மருத்துவக் கருத்து, நம் பாட்டிகள் சொல்வதைப் போலவே. இதனால் பயணிக்கு லாபம்தான். ரயில் பெட்டி, விமான நிலையம், அருங்காட்சியகம் எல்லா இடத்திலும் இலவச வெந்நீர்க் குழாய் இருக்கும். ஒரு எஃகு ஃபிளாஸ்க் கொண்டுபோனால் தண்ணீர் பாட்டிலே வாங்க வேண்டியதில்லை. குழாயில் வருவது கொதிநீர், பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடித்தால் சுருங்கிவிடும். குளிர்ந்ததுதான் வேண்டுமென்றால் 'பிங் த' என்று கேட்க வேண்டும், கேட்காவிட்டால் பீர்கூட அறைச் சூட்டில்தான் வரும்.

கழிப்பறைக்கு வருவோம். குந்துவது நமக்குப் பிரச்சினை இல்லை, தண்ணீர் இல்லாததுதான் பிரச்சினை. ஹெல்த் ஃபாசெட்டும் கிடையாது, மக்கும் கிடையாது. பல பொதுக் கழிப்பறைகளில் தாள்கூடக் கிடையாது. இருந்தால் உள்ளே இருக்காது, நுழைவாயில் சுவரில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே உருளை தொங்கும். உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் தீர்ந்தது கதை. வெளியிலேயே கிழித்துக்கொண்டு போக வேண்டும். சொர்க்கக் கோயில் பூங்காவில் வயதானவர்கள் இந்தத் தாளை மூட்டையாக வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள் என்று 2017இல் முகத்தைப் படிக்கும் எந்திரமே வைத்தார்கள். முகத்தைக் காட்டினால் 60 சென்டிமீட்டர் வரும், அதே முகத்துக்கு அடுத்த தாள் ஒன்பது நிமிடம் கழித்துத்தான். பயன்படுத்திய தாளைப் பக்கத்துக் கூடையில் போடுங்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். அரை லிட்டர் காலி பாட்டில் ஒன்று பையில் இருந்தால் கைகழுவும் குழாயில் நிரப்பிக்கொண்டு நம் வழக்கப்படி நிம்மதியாக இருக்கலாம்.

ஹூதோங் எனப்படும் பழைய சந்துகளில் காலையில் பைஜாமாவோடு தெருவில் நடப்பவர்களைப் பார்த்து "என்ன இது கூச்சமில்லாமல்" என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் பொதுக் கழிப்பறைக்குப் போகிறார்கள், அவ்வளவுதான். ஒரு குடும்பத்துக்கான முற்றத்து வீடுகளைப் பல குடும்பங்கள் கூறுபோட்டுக்கொண்டதால் பல வீடுகளில் கழிப்பறை கிடையாது. சந்து அவர்களுக்கு வீட்டின் நடைவழி மாதிரி. ஆகவே திறந்த கதவுக்குள் தலையை நீட்டிப் படம் எடுக்காதீர்கள். வாசலுக்கு நேரே உள்ளே ஒரு சுவர் மறித்து நிற்கிறதே, அது தெருவின் கண் உள்ளே படாமல் இருக்கத்தான். கெட்ட ஆவிகள் நேர்கோட்டில்தான் போகும், திரும்பத் தெரியாது என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்தது.

சொர்க்கக் கோயிலைப் பலர் பத்து மணிக்குப் போய், 38 மீட்டர் உயர வட்ட மண்டபத்தைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சுவாரசியமானது வெளியே பூங்காவில், காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள். ஓய்வுபெற்றவர்கள் இறகுப் பந்தைக் காலால் தட்டுவார்கள், கூட்டமாகப் பாடுவார்கள், நீண்ட நடைக்கூடத்தில் சீட்டு ஆடுவார்கள். ஒருவர் வாளித் தண்ணீரில் பஞ்சு முனைத் தூரிகையைத் தோய்த்துத் தரைக்கல்லில் ஆளுயரத்துக்கு எழுதிக்கொண்டு போவார். கடைசி எழுத்தை முடிக்கும்போது முதல் எழுத்து காய்ந்து மறைந்திருக்கும். இது வித்தை காட்டும் தொழில் இல்லை, தட்டில் காசு போட்டால் சங்கடப்படுவார். நின்று பார்த்தால் தூரிகையை உங்கள் கையில் கொடுப்பவர்களும் உண்டு.

தியானன்மென்னுக்கு மேற்கே உள்ள ஜோங்ஷான் பூங்காவுக்கு வியாழன் அல்லது ஞாயிறு போனால், தரையில் வரிசையாகத் தாள் பரப்பிய பெற்றோர் கூட்டத்தைக் காணலாம். பழைய சாமான் சந்தை என்று நினைத்துக் குனிந்து விலை கேட்டுவிடாதீர்கள். அது வரன் தேடும் இடம். பிறந்த ஆண்டு, உயரம், படிப்பு, சம்பளம், சொந்த வீடு, பெய்ஜிங் குடியிருப்புப் பதிவு, எல்லாம் அந்தத் தாளில் இருக்கும். சாதி, கோத்திரம் வரும் இடத்தில் அங்கே இந்தக் குடியிருப்புப் பதிவு வருகிறது, பிள்ளையின் பள்ளிக்கூடம் வரை அதைப் பொறுத்ததாயிற்றே. ராசி விலங்கைக் கேட்பவர்களும் உண்டு. தாளை நெருக்கத்தில் படம் எடுக்கக் கூடாது. பிள்ளைக்குத் தெரியாமல் வந்திருக்கும் அப்பா அம்மாக்கள் அங்கே அதிகம்.

யோங்ஹகோங் திபெத்தியப் பௌத்தக் கோயிலில் நம் கை தானாகச் செருப்பைக் கழற்றப் போகும். கழற்ற வேண்டாம். அங்கே யாரும் கழற்றுவதில்லை, வைக்க இடமும் இல்லை. மரியாதையின் அளவுகோல் வேறு: வாசற்படியை மிதிக்கக் கூடாது, மண்டபத்துக்குள் படம் எடுக்கக் கூடாது, ஊதுவத்தியை உள்ளே கொண்டுபோகக் கூடாது. வத்தி நுழைவாயில் பக்கம் இலவசமாகவே கிடைக்கும். ஒரு முறைக்கு மூன்று குச்சி, வெளியில் உள்ள தொட்டியில் கொளுத்தி நெற்றிக்கு நேராகப் பிடித்துக் கும்பிட்டு நட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். கடைசி மண்டபம் வரை நடந்துவிடுங்கள். ஒரே சந்தன மரத்தில் செதுக்கிய, வருங்காலப் புத்தரான மைத்ரேயர் அங்கேதான் நிற்கிறார், தரைக்கு மேல் 18 மீட்டர், தரைக்குள் இன்னும் 8 மீட்டர். குச்சியைச் செங்குத்தாக நடுவது இறந்தவர்களுக்கும் செய்வது. அதனால்தான் சோற்றுக் கிண்ணத்தில் சாப்பிடும் குச்சியைக் குத்தி நிறுத்தினால் எதிரே இருப்பவர் முகம் மாறும்.

சைவர்களுக்கு உண்மையான சோதனை மேஜையில். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டு வராது, தூவிய கொத்துக்கறி வரும். பலருக்கு அது 'இறைச்சி' கணக்கில் சேராது, ருசிக்குப் போடுவது. பெயரை நம்பியும் பயனில்லை. 'மீன் மணக் கத்திரிக்காய்' என்ற உணவில் மீனே கிடையாது, பன்றிக் கொத்துக்கறி இருக்கலாம். மாப்போ டோஃபுவில் பெரும்பாலும் மாட்டு அல்லது பன்றிக் கொத்துக்கறி உண்டு. டோஃபு அங்கே சைவர்களின் உணவு இல்லை, கறியோடு சேர்த்துச் சமைக்கும் இன்னொரு பண்டம். வறுத்த பீன்ஸிலும் இதே ஆபத்து. உச்சரித்துப் போராடுவதை விட, கொத்துக்கறி, பன்றிக் கொழுப்பு, எலும்புச் சாறு, சிப்பிச் சாறு, காய்ந்த இறால், கோழித் தூள் எதுவும் வேண்டாம் என்று சீனத்தில் எழுதிய பட்டியலைப் போனில் வைத்திருங்கள். உருளை, கத்திரி, குடைமிளகாய் மூன்றும் சேர்ந்த 'தி சான் ஷியன்', காரப்புளிப்பான உருளைச் சீவல் இரண்டும் ஓரளவு நம்பலாம், அப்போதும் பட்டியலைக் காட்டிவிட்டே.

கோயில்களுக்குப் பக்கத்தில் பௌத்தச் சைவ உணவகங்கள் இருக்கும், பலகையில் ஸ்வஸ்திகம் போன்ற குறியைக் காணலாம். உள்ளே போய் மெனுவைத் திறந்தால் முழு மீனும் வறுத்த வாத்தும் படமாகச் சிரிக்கும். பயந்து எழுந்துவிடாதீர்கள், எல்லாம் சோயாவும் கோதுமைப் பசையும். வெங்காயம், பூண்டு தவிர்க்கும் வழக்கமும் அங்கே உண்டு. ஆறு மணிக்கே இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் ஊர் அது. எட்டரைக்கு மேல் போனால் பல இடங்களில் அடுப்பை அணைத்திருப்பார்கள். சோறு கடைசியில்தான் வரும், முதலிலேயே வேண்டுமென்றால் சொல்லி வையுங்கள். டிப்ஸ் கிடையாது, மேஜையில் வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று துரத்திக்கொண்டு வந்து கொடுப்பார்கள்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. ஒன்றாவது மாடி என்றால் தரைத்தளம். நம் முதல் மாடி அவர்களுக்கு இரண்டு. நான்கு என்ற சொல் சாவை நினைவூட்டும் ஒலி கொண்டது என்பதால் சில லிஃப்டுகளில் 4, 14 பொத்தான்கள் இருக்காது. பச்சைத் தொப்பி போட்ட ஆணைப் பார்த்து அவர்கள் சிரித்தால் காரணம் உண்டு: ஆண் பச்சைத் தொப்பி போட்டால் 'மனைவி ஏமாற்றுகிறாள்' என்று பொருள். பரிசாகக் கடிகாரம் கொடுக்கக் கூடாது, 'கடிகாரம் கொடுப்பது' என்பதும் 'கடைசிச் சடங்கு செய்வது' என்பதும் ஒரே ஒலி. மெட்ரோவில் ஒவ்வொரு முறை நுழையும்போதும் பை எக்ஸ்ரேயில் போகும். தண்ணீர் பாட்டிலைக் காட்டிக் குடிக்கச் சொன்னால் ஒரு மடக்குக் குடித்துக் காட்டுங்கள், உள்ளே இருப்பது தண்ணீர்தானா என்று பார்க்கிறார்கள். உள்நாட்டு விமானம் ஏறுவதாக இருந்தால் பவர் பேங்கை எடுத்துப் பாருங்கள்: '3சி' என்ற சீனத் தரச்சான்று முத்திரை இல்லாததை 2025 ஜூன் 28 முதல் விடுவதில்லை, நம் ஊரில் வாங்கியவற்றில் பெரும்பாலும் அது இருக்காது.

தயிருக்கு ஏங்குபவர்களுக்கு ஹூதோங் கடைகளில் ஒரு ஆறுதல் உண்டு. வெள்ளைப் பீங்கான் குடுவை, வாயில் நீலமும் வெள்ளையுமாகத் தாள், அதை ரப்பர் வளையம் இழுத்துப் பிடித்திருக்கும். தாளை உரிக்க வேண்டாம், உறிஞ்சுகுழலை அப்படியே குத்த வேண்டும். உள்ளே இருப்பது இனிப்புத் தயிர், மோர் சாதத்துக்கு ஆகாது. கடை வாசலிலேயே நின்று குடித்துவிட்டுக் குடுவையைத் திருப்பிக் கொடுங்கள். கையோடு எடுத்துக்கொண்டு நடந்தால் கடைக்காரர் பின்னாலேயே வருவார்.